கையேந்திய இளவரசி

உங்கள் இடக்கைச் சட்டையைத் தோள்வரை சற்றே உயர்த்திப் பாருங்கள். ஒரு சிறு வடு தெரியும். பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. நம்மில் பெரும்பாலோர்க்கு உண்டு, எனக்கும் உண்டு. அந்த ஊசி நம் நாட்டிற்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், அத்தேடல் ஓர் அரசகுடிப் பெண்ணின் வாழ்க்கையில் கொண்டுபோய் விடுகிறது. அவர் பெயர் இராஜகுமாரி அம்ருத் கௌர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் அவர்; நடுவண் அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண்ணும் அவரே.

அம்மையார் தமிழர் அல்லர். தமிழ் மன்றத்து இதழில் அவருக்கு என்ன இடம் என்று கேட்பவர் கேட்கலாம். கிண்டியும் சேத்துப்பட்டும் செங்கற்பட்டும் நாம் வாழும் இந்தப் பெங்களூரும் அவர் வரலாற்றோடு பிணைந்தவை என்பது என் முதல் விடை. தமிழ்நாட்டு மூதறிஞர் ஒருவர் அவரை எதிர்த்து நின்றதும் அதில் ஒரு பகுதி என்பது இரண்டாவது விடை. நான் படிப்பது நுண்ணுயிரியல். அரசியல் நூல்களை ஆழ்ந்து பயின்றவன் அல்லேன். ஆயினும் அமைச்சர் பதவி ஒன்றில் அமர்ந்தவரால் உண்மையில் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதை இவர் வாழ்க்கை காட்டுவதுபோல் வேறொன்று எனக்குக் காட்டவில்லை.

1880களின் பிற்பகுதியில் இலட்சுமணபுரி என்று நம் முன்னோர் எழுதிய லக்னோவில் அவர் பிறந்தார். தந்தை இராஜா ஹர்னாம் சிங், பஞ்சாபின் கபூர்த்தலா அரச குடும்பத்தவர். அரியணை பற்றிய பிணக்கினால் ஊரைவிட்டு வந்து கிறித்தவம் தழுவியவர். தாய் பிரிசில்லா, வங்காளத்துக் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகள். சகோதரர் பலர்க்கு நடுவே ஒரே மகளாக வளர்ந்த அம்ருத் கௌர், இங்கிலாந்தில் ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியில் பயின்றார். விளையாட்டில் பெருவிருப்பம் உடையவர். டென்னிஸ் ஆட்டத்தில் பேர் பெற்றவர். (அமைச்சரான பிறகும் அந்த ஆர்வம் போகவில்லை. 1953ஆம் ஆண்டில் இளைஞர்க்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்க அவர் தொடங்கிய திட்டத்திற்கு அவர் பெயரே வழங்கியது.)

தந்தையின் நண்பராய் வீட்டிற்கு வந்துபோன கோபால கிருஷ்ண கோகலே வாயிலாகத்தான் நாட்டு விடுதலை என்ற எண்ணம் அவருக்கு முதலில் அறிமுகமாயிற்று. 1919ஆம் ஆண்டில் காந்தியடிகளைக் கண்டார். ஆயினும் உடனே எல்லாவற்றையும் துறந்து வந்துவிடவில்லை. பெற்றோர் உள்ளவரை வீட்டுக் கடமை அவரைக் கட்டியிருந்தது. 1927ஆம் ஆண்டில் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். குழந்தை மணத்தையும், பெண்களைத் திரைக்குள் வைக்கும் வழக்கத்தையும், தேவதாசி முறையையும் எதிர்த்துப் பேசினார். 1930ஆம் ஆண்டில் தந்தை மறைந்தார். 1934 முதல் காந்தியடிகளின் ஆசிரமமே அவர் வீடாயிற்று. அரண்மனையில் பணியாளர் சூழ வளர்ந்தவர், கதருடுத்தி, அடிகளின் செயலாளருள் ஒருவராக ஆண்டுகள் பலவற்றை அங்கே கழித்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறையும் சென்றார். இந்தப் பகுதியை விரித்து எழுதிய நூல்கள் பல உள்ளமையால் நான் இதனோடு நிறுத்தி, பலரும் விரித்துரைக்காத பதவியின் கதைக்கு வருகிறேன்.

சுகாதாரத்திற்கென்று ஓர் அமைச்சர் இருப்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பதவிக்கு வயது அதிகம் இல்லை. இங்கிலாந்திலேயே சுகாதார அமைச்சகம் என ஒன்று 1919ஆம் ஆண்டில்தான் அமைந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய அரசுச் சட்டம், மாகாணங்களில் சுகாதாரத்தையும் மருத்துவத்தையும் இந்திய அமைச்சர் கையில் ஒப்படைத்தது. அது கருணை என்று நினைத்துவிடாதீர்கள். போலீசும் நிலவரியும் வெள்ளையர் கையில் நின்றன. செலவு மிகுந்து வரவு இல்லாத துறைகளே நம்மவர்க்கு வந்தன. சென்னையில் நீதிக் கட்சி அமைச்சரவை அவற்றை ஏற்று நடத்தியது. 1937ஆம் ஆண்டில் இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் டாக்டர் டி. எஸ். எஸ். இராஜன் சுகாதாரத்தைப் பார்த்தார். அதனோடு அறநிலையமும் அவர் பொறுப்பே. கோயிலும் கழிவுநீரும் ஒரே மேசையில்! ஆனாலும் அந்த அமைச்சரவைக் காலத்தில் இயன்ற 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தத் துணைக்கண்டத்தில் அவ்வகையில் முன்னோடியானது. இராஜாஜியின் பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

டில்லியில் நிலைமை இன்னும் விந்தையானது. வைசிராயின் நிருவாக சபையில் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே உறுப்பினர் இருந்தார். 1945ஆம் ஆண்டில்தான் இவை மூன்றாகப் பிரிந்து சுகாதாரம் தனித் துறையாயிற்று. அதற்கு முன்பே, 1943ஆம் ஆண்டில், சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைந்து நாட்டின் உடல்நலத்தை ஆராயத் தொடங்கியிருந்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வறிக்கையைப் படித்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆண்டுதோறும் காசநோயால் மடிவோர் ஏறத்தாழ 5 இலட்சம். நோயாளிகள் 25 இலட்சம். அவர்களுக்கென்று நாடெங்கும் இருந்த படுக்கைகளோ 6,000 அளவே. 400 நோயாளிக்கு ஒரு கட்டில்! இடைக்கால அரசில் முஸ்லிம் லீகின் கஜன்பர் அலி கான் சில மாதங்கள் இத்துறையை வைத்திருந்தார். பின்னர் நாடு பிரிந்தது. அவர் பாகிஸ்தான் சென்றார். 1947 ஆகஸ்டில் அந்த நாற்காலியில் அம்ருத் கௌர் அமர்ந்தார்.

அவர் டாக்டர் அல்லர். அறிவியல் பயின்றவரும் அல்லர். அமர்ந்ததும் அவர் எதிரில் வந்தது அகதிகளின் வெள்ளம். முகாம்களில் வாந்திபேதியைத் தடுப்பதும், ஊசியும் மருந்தும் செவிலியரும் தேடுவதுமே முதல் மாதங்களின் வேலையாக இருந்தன. செவிலியர் தொழிலுக்கு அந்நாளில் மதிப்பு இல்லை. நல்ல குடும்பத்துப் பெண் போகக்கூடாத வேலை என்று பலர் எண்ணிய காலம். அவ்வாண்டு இறுதியில் இயன்ற செவிலியர் மன்றச் சட்டத்தால் அத்தொழிலுக்கு நாடு முழுதும் ஒரே தரம் வகுக்க வழி பிறந்தது.

ஆனால் உண்மையான இடர் வேறு இடத்தில் இருந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பைப் புரட்டிப் பாருங்கள். பொதுச் சுகாதாரம், மருத்துவமனை, மருந்தகம் எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே டில்லியில் இருக்கும் சுகாதார அமைச்சர்க்கு, சேலத்து மருத்துவமனையில் ஒரு கட்டிலைக் கூட்டவும் உரிமை இல்லை. கோலாரில் ஒரு மருத்துவச்சியை அமர்த்தவும் உரிமை இல்லை. அவர் கையில் இருந்தவை அறிவுரையும் சில நடுவண் நிலையங்களும் சிறிதளவு பணமும்தான். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் கண் அணையிலும் உணவிலும் இருந்தது. பெயர் பெரிது, பிடி சிறிது என்று நம் ஊரில் சொல்வார்களே, அப்படி ஒரு பதவி.

இந்தக் கட்டத்தில்தான் அவர் வெளிநாடுகளை நோக்கினார். மாநிலங்களிடமிருந்து அதிகாரத்தைப் பறிக்க இயலாது. நிதி அமைச்சிடமிருந்து பணத்தைப் பெறுவதும் அரிது. வெளியிலிருந்து வரும் மருந்தும் கருவியும் பயிற்சியும் மட்டும் டில்லியின் வாயிலாகத்தான் வந்தாகவேண்டும். இதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார் என்றே அவர் செயல்கள் எனக்குச் சொல்லுகின்றன. அயல்நாட்டு உதவிக்கென்று நம் நாட்டில் தனி அமைச்சர் இருந்ததில்லை. கணக்கெல்லாம் நிதி அமைச்சில்தான். உடல்நலத்தைப் பொறுத்தவரை, கேட்கும் வாயும் வாங்கும் கையும் பெரும்பாலும் இவராகவே இருந்தார். 1950ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை இவரைத் தலைவராகத் தேர்ந்தது. பெண்களில் அவர் முதல்வர். ஆசியரிலும் அவரே முதல்வர். அந்நிறுவனத்தின் வட்டார அலுவலகங்களுள் முதலாவது டில்லியில்தான் அமைந்தது.

வந்த உதவிகளுள் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று மலேரியாவுக்கு எதிரான போர். ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரை அக்காய்ச்சல் பற்றியது என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் அந்நாளில் மதிப்பிட்டனர். 1953ஆம் ஆண்டில் அமெரிக்க உதவியோடு டி.டி.டி. தெளிக்கும் திட்டம் தொடங்கிற்று. வீடுதோறும் சுவர்தோறும் மருந்து. ஊர்தோறும் முதுகில் பீச்சாங்குழாய் சுமந்த ஆட்கள். மற்றொன்று டில்லியில் எழுந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம். போர் குழு கனவு கண்ட நிலையம் அது. கட்டப் பணம் இல்லை. பணம் வந்த இடம் நியூசிலாந்து. 1950ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் காமன்வெல்த் நாடுகள் கூடி வகுத்த கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாடு 10 இலட்சம் பவுன் அளித்தது. ஆட்டுமந்தைகளை வளர்த்து வாழ்ந்த, 20 இலட்சம் மக்களே இருந்த ஒரு சிறு நாட்டின் கொடை அது! 1952இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1956ஆம் ஆண்டில் அதற்கான சட்டத்தை அம்மையாரே மக்களவையில் கொண்டுவந்தார். அரசின் அன்றாடத் தலையீடு இன்றி அது தன் காலில் நிற்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. சிம்லாவில் தமக்கிருந்த குடும்ப மாளிகையையும் அந்நிலையத்துச் செவிலியரும் பணியாளரும் விடுமுறையில் தங்கி இளைப்பாறுவதற்கென்று அவர் எழுதிவைத்தார்.

இனி ஊசிக்கு வருவோம். பிரான்சு நாட்டுக் கால்மெட், கெரென் என்னும் இருவர், மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின்மேல் 230 முறை வளர்த்து வளர்த்து அதன் கொடுமையைக் குறைத்தனர். அதுவே பி.சி.ஜி. கிருமியை வளர்ப்பதற்கு நான் நாளும் படும்பாட்டை நினைத்தால், 13 ஆண்டு சலியாமல் வளர்த்த அவ்விருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 1948ஆம் ஆண்டில் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஸ்காண்டிநேவிய நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்கள் ஆகியவற்றின் துணையோடு இந்தியா அதனை ஏற்றது. முதல் முயற்சிகள் நடந்த இடங்களுள் ஒன்று நமக்கு அண்டையிலுள்ள மதனப்பள்ளி. மருந்தைச் செய்யும் கூடம் சென்னைக் கிண்டியில் எழுந்தது. 1951 முதல் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடும் பேரியக்கம் தொடங்கிற்று. 25 இலட்சம் நோயாளிக்கும் கட்டில் போட நம்மிடம் பணம் இல்லை. ஓர் ஊசிக்கோ சில அணாக்களே செலவு. அம்மையார் எடுத்த முடிவின் காரணம் இதுதான்.

1955ஆம் ஆண்டில் இராஜாஜி எழுந்தார். முன்னாளில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய அமைச்சரவையின் தலைவர். கவர்னர் ஜெனரலாக இருந்தவர். முந்திய ஆண்டுவரை சென்னையின் முதலமைச்சர். பி.சி.ஜி. வேண்டாம் என்று அறிக்கை விட்டார். சிறு நூலே எழுதினார். உயிருள்ள கிருமியை, நோயில்லாத கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடலில், பயன் உறுதிப்படாத நிலையில் செலுத்துவது முறையா என்பது அவர் வினாவின் சாரம். உணவும் காற்றும் வீடும் சீர்பட்டால் காசம் தானே குறையும் என்பது அவர் வாதம். 1930ஆம் ஆண்டில் செருமனியின் லூபெக் நகரில், நச்சுக் கிருமி கலந்துவிட்ட பி.சி.ஜி. மருந்தால் 70க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டதை உலகம் மறந்திருக்கவில்லை. சென்னை மாநிலத்தில் ஊசி இயக்கம் தடுமாறியது. பெற்றோர் அஞ்சினர். அம்மையார் புள்ளிவிவரங்களோடும் அறிஞர் கருத்துக்களோடும் மறுத்துரைத்தார், இயக்கத்தை நிறுத்தவில்லை.

இருவரும் காந்தியடிகளின் நிழலில் நெடுங்காலம் இருந்தவர்கள். இருவர்க்கும் ஏழையர்மீது அக்கறை உண்டு. யார் சொன்னது சரி? அந்த நாளில் விடை சொல்லும் வல்லமை ஒருவரிடத்தும் இல்லை என்பதே உண்மை. ஏனெனில் விடை சொல்லத்தக்க பெரிய ஆய்வு இந்த மண்ணில் அதுவரை நடக்கவில்லை. மேலை நாட்டு ஆய்வுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. இங்கிலாந்து ஆய்வு பெரும்பயன் என்றது. அமெரிக்க ஆய்வு அற்பப் பயன் என்றது. இராஜாஜி கேட்டது கேட்கவேண்டிய கேள்விதான் என்று நுண்ணுயிரியல் மாணவனாகிய நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் வீடும் உணவும் சீர்படும்வரை காத்திருக்கலாம் என்ற விடையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுக்கு 5 இலட்சம் பேர் அந்தக் காத்திருப்பின் விலையாக இருந்தனர்.

எல்லாவற்றிலும் அம்மையாரைப் பாராட்டிக்கொண்டே போவதும் நேர்மை ஆகாது. பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் 50 கிலோமீட்டர் அளவில் உள்ள இராமநகரம் நீங்கள் அறிந்த ஊர். பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளில் அடிகளின் கொள்கையையே அம்மையார் பற்றியிருந்தார். கருவியும் மருந்தும் கூடாது, நாள் பார்த்து விலகியிருத்தலே போதும் என்றார். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இராமநகரத்திலும் டில்லி லோடி குடியிருப்பிலும் அம்முறையைச் சோதித்தனர். எந்த நாள் ஆகும், எந்த நாள் ஆகாது என்று காட்ட நிறம் தீட்டிய மணிமாலைகளைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். மாலை இருந்தது, முறை நிலைக்கவில்லை. இதே மைசூர் அரசு 1930ஆம் ஆண்டிலேயே தன் மருத்துவமனைகளில் கருத்தடை நிலையம் திறந்திருந்தது என்பதை எண்ணும்போது, 20 ஆண்டு கழித்து மணிமாலைக்குத் திரும்பியது வருத்தமே தருகிறது. குடும்பத் திட்டத்திற்கு முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஒதுக்கிய 65 இலட்ச ரூபாயில் இவ்வகையில் கழிந்த காலத்தை, ஆண்டுதோறும் கருவுற்ற நம் பாட்டிமார் தம் உடம்பால் ஈடுசெய்தனர்.

1957ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் அவர் அமைச்சரவையில் இல்லை. அவர்க்குப் பின் இத்துறைக்கு வந்தவர் தார்வாட்டைச் சேர்ந்த டி. பி. கர்மார்க்கர். அவர் இராஜாங்க அமைச்சராகவே வந்தார். அதாவது, சுகாதாரம் அமைச்சரவை மேசையிலிருந்து ஒரு படி இறங்கிற்று! பதவிக்கு அதுவரை இருந்த மதிப்பில் பெரும்பங்கு அமர்ந்திருந்தவரால் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பிற்காலத்தில் அது மீண்டும் ஏறியது; பிறகும் ஏறி இறங்கியது. அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராகவும் செஞ்சிலுவைச் சங்கத் தலைவராகவும் பணிபுரிந்து 1964ஆம் ஆண்டில் டில்லியில் மறைந்தார். அதே 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்து, அயல்நாட்டு உதவிக்கென்றே ஓர் அமைச்சகத்தை முதன்முதலாக அமைத்து, பார்பரா காசில் என்னும் பெண்மணியை அதற்கு அமைச்சராக்கிற்று. கொடுப்பவர்க்கு அமைச்சர் வந்தபோது, வாங்கப் பழகியிருந்தவர் இல்லை.

அவர் வாங்கிவைத்தவை என்ன ஆயின? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டில் நோயாளிகள் 50,000 அளவுக்குக் குறைந்தனர். வெற்றி முரசு கொட்டினார்கள். பிறகு கொசுவுக்கு டி.டி.டி. பழகிப்போயிற்று, மருந்து வரவு குறைந்தது, ஊர்ப்புறத்தில் தொடர்ந்து கண்காணிக்க ஆளும் நிலையமும் போதவில்லை. 1976ஆம் ஆண்டில் நோயாளிகள் 64 இலட்சம். தெளித்த மருந்து சுவரோடு போயிற்று.

காசநோயின் கதை வேறு. 1956ஆம் ஆண்டில், அம்மையார் அமைச்சராக இருந்தபோதே, சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது அது. கேட்ட கேள்வி எளியது: காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் படுக்கவைத்து முட்டையும் பாலும் கொடுத்தால்தான் குணமாகுமா? குடிசையிலேயே இருந்துகொண்டு மாத்திரை விழுங்கினால் ஆகாதா? சென்னையின் நெரிசல் மிகுந்த தெருக்களில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 1959ஆம் ஆண்டில் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். உடனிருந்தவர்க்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 6,000 கட்டிலை வைத்துக்கொண்டு விழித்த நாட்டிற்கு, கட்டிலே தேவையில்லை என்ற விடை! உலகமே தன் முறையை மாற்றிக்கொண்டது.

இதை நான் நூலில் மட்டும் படித்தவன் அல்லேன். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. தொம்மலூரில் இரண்டு சிறு அறைகளில் ஆறு பேர் இருந்தோம். நான் பள்ளியில் படித்தபோது என் ஆயாவுக்குக் காசம் கண்டது. ஆயா எங்கும் போய்ப் படுக்கவில்லை. வாரம் மூன்று நாள் நிலையத்திற்கு நடந்துபோய், ஊழியர் கண்ணெதிரே மாத்திரை விழுங்கி வந்தார். மற்ற நேரமெல்லாம் வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்தார். ஆறு மாதத்தில் தேறினார். எங்களில் எவர்க்கும் தொற்றவில்லை. சேத்துப்பட்டில் அந்த ஆய்வு நடவாதிருந்தால் ஆயாவை எந்த மலைக்கு அனுப்பியிருப்போம்? அனுப்பப் பணம் ஏது?

பெங்களூர்ப் பெல்லாரிச் சாலையில் உள்ள தேசியக் காசநோய் நிலையமும் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு 1959ஆம் ஆண்டில் அமைந்ததே. மறு ஆண்டு நேரு திறந்துவைத்தார். அங்கிருந்தோர் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களுக்குச் சென்று இருமலோடு வாழ்வோரைக் கண்டு பேசினர். சிற்றூரார் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது நகரத்தாரின் எண்ணம். கண்டது வேறு. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே அரசு மருந்தகத்திற்குச் சென்று வந்திருந்தனர்; அங்கே சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்! குறை எங்கே என்று தெரிந்தது. 1962ஆம் ஆண்டில் வகுத்த தேசியக் காசநோய்த் திட்டம், தனிப் படைகளை அனுப்பாமல், உள்ளூர் மருந்தகத்திலேயே சளிச் சோதனையை வைத்தது. அந்நிலையத்தில் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டு டாக்டர் ஹாஃப்டான் மாலர் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரானார். உதவி செய்ய வந்தவர் தும்கூரிலும் பெங்களூரிலும் கற்றுக்கொண்டு போனார் என்பதில் எனக்குக் கொஞ்சம் செருக்கு உண்டு.

இராஜாஜியின் கேள்விக்கும் இங்கிருந்தே விடை வந்தது. 1968ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையும் துணைநிற்க, பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்கும் பேராய்வைத் தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர் அதில் பங்குகொண்டனர். சிலர்க்கு உண்மை மருந்து. சிலர்க்கு வெறும் நீர்மம். யார்க்கு எது என்று போட்டவர்க்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கைப் பார்த்து 1979, 1980ஆம் ஆண்டுகளில் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை! உலகம் திகைத்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் நம் உடம்பை முன்னரே பழக்கிவிடுவதால் ஊசியின் வேலை மறைந்துபோகிறது என்பது ஒரு விளக்கம். என் ஆசிரியர்கள் இன்றும் அதுபற்றி வாதிடுகிறார்கள். ஆனால் பச்சிளங் குழந்தைகளுக்கு மூளையுறையில் வரும் கொடிய காசத்தை இதே ஊசி தடுக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வால் உறுதிப்பட்டது. அதனால்தான் பள்ளிப் பிள்ளைக்குப் போட்ட ஊசி பிறந்த குழந்தைக்கு மாறிற்று. இராஜாஜியின் ஐயம் பாதி மெய். அம்மையாரின் நம்பிக்கையும் பாதி மெய். செங்கற்பட்டு விடை வந்தபோது இருவரும் இல்லை. இராஜாஜி 1972இலேயே மறைந்திருந்தார்.

கொடுக்கும் நாடுகளின் அமைச்சகங்களும் நிலைத்து நிற்கவில்லை. 1964இல் இங்கிலாந்து அமைத்தது பலமுறை பெயரும் தகுதியும் மாறி, 1997இல் மீண்டும் தனி அமைச்சகமாகி, 2020இல் வெளியுறவுத் துறையோடு கரைந்தது. அமெரிக்காவின் உதவி நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்டது. அப்பணத்தை நம்பி ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நடந்த மருந்துப் பணிகள் நடுவழியில் நின்றன. இந்தியாவோ 2012ஆம் ஆண்டில் பிற நாடுகளுக்கு உதவி வழங்குவதற்கென்றே தன் வெளியுறவு அமைச்சில் ஒரு பிரிவை அமைத்துக்கொண்டது. சேத்துப்பட்டு நிலையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு இந்திய அரசின் செலவில் நடந்துவருகிறது. பெல்லாரிச் சாலையில் உள்ளதும் அப்படியே.